மலை ஏறியவரும் கை இழந்தவரும்

அன்னி ஸ்மித் பெக் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய காற்சட்டை, அதன் மேல் தடித்த மேற்சட்டை, தலையில் கட்டிய தொப்பி, கையில் பனிக்கோடரி, கயிறு. முகத்தில் சிரிப்பு இல்லை. 1895ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் மற்றர்ஹோர்ன் மலையில் ஏறிப் புகழடைந்த அமெரிக்கப் பெண் அவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் அவருக்கு முன்பே பெண்கள் ஏறியிருந்தார்கள். லூசி வோக்கர் என்ற ஆங்கிலப் பெண் 1871இலேயே உச்சியைத் தொட்டுவிட்டார். அவர் பாவாடையோடு ஏறினார், இவர் காற்சட்டையோடு ஏறினார். அமெரிக்காவின் பல ஊர்களில் பெண்கள் ஆண்களின் உடை அணிவதைத் தடுக்கும் சட்டங்கள் இருந்த காலம். பத்திரிகைகள் மலையை விட்டுவிட்டுக் காற்சட்டையைப் பற்றி எழுதின. பெண்கள் இப்படி உடுத்தலாமா, இப்படி ஏறலாமா என்ற வாதம் மாதக்கணக்கில் ஓடியது. சிங்கர் தையல் மெஷின் கம்பனி இந்தப் பரபரப்பைத் தவறவிடவில்லை. அவருடைய படத்தை அச்சிட்டுத் தன் மெஷின்களோடு இலவசமாகக் கொடுத்தது. எங்கள் அம்மம்மாமார் இடம்பெயரும்போது விட்டுப்போக மனமில்லாமல் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போன அதே சிங்கர்தான்.

ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் இந்தப் படத்தின் கதைதான் முதலில் என்னை இழுத்தது. ஒரு பெண்ணின் உழைப்பு எப்படி ஒரு விளம்பர அட்டையாகச் சுருங்கியது என்று எழுதலாம் என நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, படத்தில் இல்லாத ஒருவர் குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவர் பெயர் ருடோல்ஃப் தவுக்வால்டர். சுவிற்சர்லாந்து மலை வழிகாட்டி. அவரைச் சொல்லாமல் அன்னியின் கதையை முழுதாகச் சொல்ல முடியாது.

அன்னி பிறந்தது 1850 ஒக்ரோபர் 19ஆம் திகதி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில். தகப்பன் சட்டத்தரணி. வீட்டின் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாரோடு போட்டி போட்டு வளர்ந்தவர். அவர்கள் படித்த பிரௌன் பல்கலைக்கழகம் அதே ஊரில்தான் இருந்தது. பெண் என்பதால் அவரை அது சேர்க்கவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து மிச்சிகன் மாநிலத்தில் படிப்பிக்கப் போனார். அங்கே பெண்களையும் சேர்க்கும் பல்கலைக்கழகம் இருப்பதைக் கண்டு, தானும் பட்டம் படிக்கப் போவதாக வீட்டுக்கு எழுதினார். படித்து முடிக்கும்போது இருபத்தேழு வயதாகிவிடுமே, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்பது தகப்பனின் நிலைப்பாடு. மகள் விடவில்லை. ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று கடிதத்தில் வாதாடினார். கடைசியில் தகப்பன் இறங்கி வந்தார். 1878இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழியில் சிறப்புப் பட்டம், 1881இல் முதுமாணி. 1885இல் ஏதென்சில் இருந்த அமெரிக்கத் தொல்லியல் கல்லூரியில் சேர்ந்த முதற் பெண்ணும் அவரே.

ஏதென்சுக்குப் போகும் வழியில்தான் மற்றர்ஹோர்னை முதன்முதலாகப் பார்த்தார். அன்றிலிருந்து பத்து ஆண்டுகள் அந்த மலை அவர் மண்டைக்குள் இருந்தது. லத்தீன் படிப்பித்துக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, கண்ணாடிப் படங்களைத் திரையில் விழுத்திக் காட்டி விரிவுரை செய்யத் தொடங்கினார். முதலில் கிரேக்கச் சிற்பங்கள் பற்றி, பிறகு மலைகள் பற்றி. பரம்பரைச் சொத்தோ கணவனின் பணமோ இல்லை. திருமணமே செய்யவில்லை. மேடையில் கதைத்துச் சம்பாதித்து, அந்தக் காசில் மலைக்குப் போய், திரும்பி வந்து அந்த மலையைப் பற்றிக் கதைத்துச் சம்பாதித்து அடுத்த மலைக்குப் போவது. இதுதான் அவருடைய ஜீவனோபாயம். சுயாதீனமாக எழுதிப் பிழைக்கும் எவருக்கும் இந்த வட்டம் தெரியும். கட்டுரை வந்து எத்தனையோ மாதம் கழித்தும் கொடுப்பனவு கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது நான் இப்போதெல்லாம் அன்னியை நினைத்துக்கொள்கிறேன்.

1897இல் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஆதரவோடு மெக்சிக்கோ போனார். பொப்போகற்றெபெற்றல், ஒரிசாபா ஆகிய இரண்டு எரிமலைகளிலும் ஏறினார். ஒரிசாபாவின் உயரம் 5,636 மீற்றர். அதுவரை அமெரிக்கக் கண்டங்களில் எந்தப் பெண்ணும் அந்த உயரத்தை எட்டியதாகப் பதிவில்லை. அதன் பின் அவருக்கு வந்த ஆசை வேறு ரகம். ஏற்கெனவே ஆண்கள் ஏறிய மலையில் ஏறுவதில் பெருமை இல்லை, மனிதக் கால் படாத ஓர் உச்சி வேண்டும், அது தென்னமெரிக்காவிலேயே உயரமானதாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த ஆசை அவரைப் பொலிவியாவின் இல்யம்பு மலைக்கு 1903இலும் 1904இலும் கொண்டுபோனது. இரண்டு தடவையும் உச்சியை எட்டவில்லை. முதல் தடவை கூட வந்த விஞ்ஞானியோடும் வழிகாட்டிகளோடும் மனக்கசப்பு. பிறகு பெருவின் வாஸ்கரான். 1904இல் தோல்வி. 1906இல் இரண்டு முறை தோல்வி. காசு போதாததால் நல்ல வழிகாட்டிகளை வைத்துக்கொள்ள முடியவில்லை. பனிமலை அநுபவமே இல்லாத ஆண்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவர்களோ ஒரு பெண்ணின் கட்டளையைக் கேட்க மனமில்லாதவர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி சம்பளம் கொடுத்து ஆண்களை மலைக்குக் கூட்டிப் போகிறாள் என்பதே அன்றைக்கு ஒரு வேடிக்கை.

1908இல் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகை பணம் கொடுத்தது. இந்த முறை உண்மையான வழிகாட்டிகள் இருவர்: ருடோல்ஃப் தவுக்வால்டர், காப்ரியேல் சும்தவுக்வால்ட். இருவரும் மற்றர்ஹோர்னின் அடிவாரப் பகுதியைச் சேர்ந்த சுவிஸ்காரர்கள். அடிவார ஊரான யுங்காயில் கூலிக்குப் பிடித்த உள்ளூர் ஆட்கள் சுமை தூக்கினார்கள். முதல் முயற்சியில் ருடோல்ஃப் உயரம் ஒத்துவராமல் நோயுற, திரும்பினார்கள். சில நாள் ஓய்வெடுத்து மறுபடி புறப்பட்டார்கள்.

செப்ரெம்பர் 2ஆம் திகதி. இரண்டு சிகரங்களுக்கு இடைப்பட்ட பனிப்பள்ளத்தில் சுமைகாரர்களைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மூவர் மட்டும் வடக்குச் சிகரத்தை நோக்கி ஏறினார்கள். அன்னி முகத்தில் கம்பளி முகமூடி. பொலிவியாவில் வாங்கியது. அதில் மீசை வரைந்திருந்தது. வேறு கிடைக்காததால் மீசையோடேயே ஏறினார். காற்று ஆளைத் தூக்கும் வேகம். வழியில் ருடோல்ஃபிடம் வைத்திருக்கக் கொடுத்த அன்னியின் கையுறை ஒன்று காற்றில் பறந்து போனது. அந்தக் குளிரில் கையுறை போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று மூவருக்கும் தெரியும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று உயரத்தை அளக்க முயன்றார்கள். தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்பதை வைத்து உயரத்தைக் கணிக்கும் கருவி அது. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நெருப்புக் குச்சியைக் கிழிக்கக் கிழிக்கக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ருடோல்ஃப் தனியே மேலே நடந்து உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அன்னிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஐந்தாவது முயற்சி, நான்கு ஆண்டுகளின் கடன், அவமானம் எல்லாவற்றுக்கும் பிறகு அந்த முதலடியைச் சம்பளத்துக்கு வந்தவர் வைத்துவிட்டார். பயணத்தை நடத்துபவரை முதலில் விடுவது வழிகாட்டிகளின் மரபு. அதை ருடோல்ஃப் மீறினார் என்பது உண்மை. குளிரில் நின்று விறைக்காமல் நடந்தாரா, பேராசையா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

உயரத்தை அளக்காமலேயே உச்சிக்குப் போனார்கள். நேரமாகிவிட்டது. இறக்கம் இருட்டில். பனிக்கட்டியில் ஒருவர் மாற்றி ஒருவர் சறுக்க, காப்ரியேலின் கோடரியும் கயிறும்தான் மூவரையும் பிடித்து நிறுத்தின. கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது ருடோல்ஃபின் கைகளும் காலும் உறைந்து போயிருந்தன. பின்னர் இடது கையின் பெரும்பகுதியையும் வலது கையில் ஒரு விரலையும் ஒரு பாதத்தின் பாதியையும் வெட்டி அகற்ற வேண்டி வந்தது. கயிறு பிடிக்கும் கையும் பனியில் ஊன்றும் காலும் வழிகாட்டியின் முதலீடு. அவை போனால் தொழிலும் போனது.

அன்னி இந்தப் பயணங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1911இல் வந்தது. நான் அதை வாசித்தபோது திரும்பத் திரும்ப இடறியது ஒரே இடத்தில்தான். வழிகாட்டிகளின் பிடிவாதம், கவனக்குறைவு, சொல் கேளாமை, முதலடி பறிபோனது என்று முறைப்பாடுகள் நீண்டுகொண்டு போகின்றன. அவற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முறைப்பாடுகளின் நிறையும் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் நிறையும் ஒரே தராசில் நிற்கவில்லை. செயற்கைக் கால் போட்ட அண்ணாமாரும் அக்காமாரும் இருந்த தெருவில் வளர்ந்தவள் நான். ஓர் உறுப்பு போவது ஒரு நாள் செய்தி, அது இல்லாமல் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் வேலை தேடுவதும் மிச்ச வாழ்க்கை முழுவதற்குமான சங்கதி. ருடோல்ஃபின் மிச்ச வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகைகள் அக்கறைப்படவில்லை. யுங்காயில் இருந்து சுமை தூக்கி வந்தவர்களோ தலைப்புச் செய்தியின் ஓரத்தில்கூட இல்லை.

இதற்காக அன்னியைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. ஒரு பெண் தோற்றால் பெண் என்பதால் தோற்றாள் என்பார்கள், வென்றால் வழிகாட்டி இழுத்துப் போனான் என்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயம்தான் அவரை ருடோல்ஃபின் பங்கைக் குறைத்துச் சொல்ல வைத்தது என்று நினைக்கிறேன்.

புகழும் நிம்மதியாக நிலைக்கவில்லை. உயரத்தை அளக்க முடியாததால், வாஸ்கரான் 7,000 மீற்றரைத் தாண்டியிருக்கலாம், மேற்கு அரைக்கோளத்திலேயே உயரமானதாகவும் இருக்கலாம் என்று அன்னி மதிப்பிட்டுச் சொன்னார். இன்னொரு பெண் இதை விடவில்லை. பானி புல்லொக் வேர்க்மன், பெரும் பணக்கார அமெரிக்கர். கணவனோடு சைக்கிளில் இந்தியாவையும் எங்கள் இலங்கையையும் சுற்றியவர். 1906இல் இமயத்தில் ஏறிப் பெண்களுக்கான உயரச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்தவர். 13,000 டொலர் செலவழித்துப் பிரெஞ்சு அளவையாளர் குழுவொன்றைப் பெருவுக்கு அனுப்பினார். அன்னியின் முழுப் பயணச் செலவைவிடப் பல மடங்கு. அவர்கள் அளந்ததில் வடக்குச் சிகரம் 21,812 அடிதான், அதாவது சுமார் 6,650 மீற்றர். தெற்குச் சிகரம் அதைவிட உயரம். சாதனை பானியிடமே இருந்தது. ஒரு பெண்ணின் தலையை மற்றப் பெண்ணைக் கொண்டு தட்டுவது பத்திரிகைகளுக்கு விருந்தாகிப் போனது.

அன்னி ஏறிய அந்த வடக்குச் சிகரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1970 மே 31ஆம் திகதி பெருவில் பெரும் நிலநடுக்கம். வடக்குச் சிகரத்தின் ஒரு பக்கம் பனியும் பாறையுமாகப் பெயர்ந்து சில நிமிடங்களில் யுங்காய் நகரை மூடியது. அங்கே மட்டும் இறந்தவர்கள் 20,000 பேரளவில் என்கிறார்கள். ஊரின் மேட்டில் இருந்த மயானத்துக்கு ஓடியவர்கள் தப்பினார்கள். சர்க்கஸ் பார்க்க ஊருக்கு வெளியே போயிருந்த பிள்ளைகளும் தப்பினார்கள். ஊர்ச் சதுக்கத்தின் தென்னை போன்ற பனைகளில் நான்கு மண்ணுக்கு மேலே தலை நீட்டி நின்றன. அந்த இடத்தைத் தோண்டக் கூடாது என்று அரசு அறிவித்து, முழு ஊரையும் கல்லறைத் தோட்டமாக வைத்திருக்கிறது. உறவுகள் இன்றும் தங்கள் வீடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டுப் பூ வைக்கிறார்கள். அன்னிக்குச் சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதற்குள் இருக்கக்கூடும்.

வாஸ்கரானின் சாதனை பறிபோன பிறகு அன்னி தேடிய மலைதான் கொரோபூனா. இது எரிமலை. பெருவின் தெற்கில், அரெக்கிப்பா நகரின் வடமேற்கே சுமார் 150 கிலோமீற்றரில், பசிபிக் கரையில் இருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கிறது. கரையோரம் மழையே காணாத பாலைவனம். அங்கிருந்து மேலேறினால் சாம்பலும் எரிமலைக் கல்லும் மணலும் காய்ந்த புல்லும். அதற்கும் மேலே, எதிர்பாராத இடத்தில், பல குவிமாடங்களை மூடிய பெரும் பனிக்கவிகை. வெப்ப வலய நாடுகளில் உள்ள மிகப் பெரிய பனிக்கவிகைகளில் ஒன்று அது. பெருவின் மிக உயர்ந்த எரிமலையும் அதுவே. இன்றைய அளவையில் சுமார் 6,400 மீற்றர். அன்றைக்குக் கையில் இருந்த வரைபடம் அதைவிட மிக உயர்த்திக் காட்டியது. அக்கொன்காகுவாவையே மிஞ்சுமோ என்ற சந்தேகம் பலருக்கு.

இத்தகைய மலையில் பனிச்சரிவை விடத் தொல்லை கொடுப்பது வறட்சி. இரண்டடி வைத்தால் சாம்பல் ஓரடி கீழே இழுக்கும். காற்றில் ஈரமே இல்லாததால் தொண்டை வெடிக்கும். பகலில் வெயில் முகத்தைச் சுடும், இரவில் தண்ணீர் கட்டியாகும். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தின் பாதிக்கும் குறைவு. சுமை தூக்கும் கோவேறு கழுதைகள் ஒரு மட்டத்துக்கு மேல் நகராது, அவற்றின் காரர்களும் நகர விரும்புவதில்லை. அதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. இன்கா காலத்தில் கொரோபூனா பெரிய தெய்வம். ஸ்பானியர் எழுதிய 16ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் அதன் கோயிலும் குறிசொல்லும் இடமும் வருகின்றன. இறந்தவர்களின் உயிர் அந்த மலைக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பது அப்பகுதிக் கெச்சுவா மக்களின் பழைய நம்பிக்கை. அவர்களுக்கு அது செத்தவர்களின் ஊர். வாடகைக்கு விலங்கு பேசி அங்கே கொடி நடப் போகும் வெள்ளைக்காரர்களை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1911இல், அறுபது வயதில், அன்னி அந்த மலையின் சிகரங்களில் ஒன்றில் ஏறினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதிய கொடியை அங்கே நட்டார். அதே ஆண்டு ஜூலையில் மச்சு பிச்சுவை உலகுக்குக் காட்டிய யேல் பல்கலைக்கழகத்தின் ஹிராம் பிங்கமும் ஒக்ரோபரில் கொரோபூனாவுக்கு வந்தார். அவருடைய குழு மிக உயர்ந்த சிகரத்தில் ஏறி அளந்தது. அக்கொன்காகுவாவை விடக் குறைவு என்று முடிவானது. உயரச் சாதனை மறுபடியும் கைநழுவியது. இந்த முறை கொடி மிஞ்சியது.

அந்தக் கொடியில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1920இல் வந்தது. எங்களுக்கு 1931இல். கொடி நடப்பட்ட பெரு நாட்டுப் பெண்களுக்கு 1955இல்தான். 1912இல் பானி வேர்க்மனும் சியாச்சென் பனிப்பாறையில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையை விரித்துப் பிடித்துப் படம் எடுத்தார். ஒருவரை ஒருவர் பொறுக்காத இரண்டு பேர் ஒரே கோரிக்கையை இரண்டு கண்டங்களின் பனியில் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றாக ஒரு மேடையில் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்று அரெக்கிப்பாவில் பயண முகவர்கள் இந்த எரிமலைக்கு ஆட்களை ஜீப்பில் கொண்டுபோகிறார்கள். பயர்க்கொச்சா என்ற ஏரியருகே கூடாரம் அடித்து, சில நாட்களில் ஏறி இறங்கிவிடலாம். பனிக்கவிகை ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. கீழேயுள்ள வரண்ட பள்ளத்தாக்குகளின் விவசாயிகள் அந்தப் பனி உருகும் நீரையும் நம்பி இருப்பவர்கள். மலையின் உயரத்தை விட அதன் தண்ணீர்க் கணக்குதான் அவர்களுக்கு முக்கியம்.

அன்னி அதன் பிறகும் ஓயவில்லை. 1914இல் ஜோன் ஒஃப் ஆர்க் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவியானார். தென்னமெரிக்கப் பயணம் பற்றியும் வணிகம் பற்றியும் நூல்கள் எழுதினார். 1920களின் இறுதியில் லீமாவின் புவியியற் சங்கம் வாஸ்கரானின் வடக்குச் சிகரத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. எழுபத்தொன்பது வயதில், பயணிகள் விமானம் புதிதாக இருந்த காலத்தில், தென்னமெரிக்காவை ஏழு மாதங்கள் ஆகாயத்தில் சுற்றி அதையும் நூலாக்கினார். கடைசியாக ஏறியது நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் மடிசன் மலை. அப்போது வயது 82. ருடோல்ஃபின் பெயரில் ஒரு பாறைகூட வாஸ்கரானில் இல்லை.

1935 தொடக்கத்தில் உலகப் பயணம் புறப்பட்டார். அரை நூற்றாண்டுக்கு முன் மாணவியாக இருந்த ஏதென்சில், அக்ரோபொலிஸ் குன்றில் ஏறும்போது உடல் தளர்ந்தது. பயணத்தை நிறுத்தி நியூயோர்க் திரும்பினார். ஜூலை 18ஆம் திகதி நெஞ்சுச் சளிச் சுரத்தால் இறந்தார். பிறந்த ஊரான புரொவிடன்சின் வடக்கு மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.